1,412 பேரைத் தேர்ந்தெடுத்தால் 997 பேர்தான் சேமிக்கப்படுகிறார்கள், பட்டியல் பெரிதாக இருப்பதால்தானா?

நள்ளிரவு_நிரலர்:

வணக்கம் நண்பர்களே. ஒரு நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்கான வலைச்செயலியை நான் பார்த்துக்கொள்கிறேன். பிஹெச்பி, மைஎஸ்கியூஎல், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். அதில் பயிற்சிக் குழுக்களுக்கு ஆள் சேர்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. குழுவைத் திறந்தால் மொத்த ஊழியர்களும், இன்றைக்குச் சுமார் 6,200 பேர், பெயருக்குப் பெயர் ஒரு செக்பாக்ஸோடு ஒரே பக்கத்தில் வருவார்கள். மேலே ஒரு தேடல் பெட்டி உண்டு, எழுத்து தட்டத் தட்ட பொருந்தாத வரிகள் மறையும். டிக் போட்டுவிட்டுக் கடைசி வரை இறங்கி 'சேமி' அழுத்தினால், சர்வர் அந்தக் குழுவின் பழைய வரிகளை மொத்தமாக அழித்துவிட்டு வந்து சேர்ந்த ஐடிகளைப் புதிதாக எழுதும்.

40 பேர், 200 பேர் உள்ள குழுக்களில் இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. போன வாரம் 1,412 பேர் கொண்ட ஒரு குழு உருவாக்கினார்கள். அதை வேறு விதமாக, நேரடியாக டேட்டாபேஸிலேயே ஏற்றினோம், அதனால் சரியாக இருந்தது. அப்புறம் ஒருவர் அந்தக் குழுவைத் திறந்து ஒரே ஒரு ஆளைச் சேர்த்துச் சேமித்திருக்கிறார். மறுநாள் நானூறு பேருக்கு மேல் குழுவிலேயே இல்லை. எண்ணிப் பார்த்தால் சரியாக 997. திரும்பச் சேர்த்துச் சேமித்தால் மறுபடியும் 997. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்றுதான் பச்சையாக வருகிறது. இன்னொன்றையும் கவனித்தேன், காணாமல் போனவர்கள் எல்லாருமே அகர வரிசையில் பின்னால் வருபவர்கள். முரளி வரை இருக்கிறார், அதற்கடுத்து ஒருவரும் இல்லை.

பட்டியலைப் பக்கத்துக்கு 50 பேராகப் பிரித்துவிட்டால் சரியாகுமா? நாளைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், பயிற்சிக்கான அழைப்பே அந்த 415 பேருக்குப் போகவில்லை.

அட்டவணை:

உங்கள் ஃபார்மில் மறைவான புலங்கள், அதாவது திரையில் தெரியாமல் ஃபார்மோடு சேர்ந்து போகும் தகவல்கள், எத்தனை? 3 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 997-ஓடு 3 சேர்ந்தால் 1000. பிஹெச்பியில் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஒரு கோரிக்கையில் எத்தனை மாறிகளை ஏற்கலாம் என்பதற்கான வரம்பு, அதன் இயல்பு அளவு 1000. டிக் போட்ட ஒவ்வொரு பெயரும் ஒரு மாறி, மறைவான புலம் ஒவ்வொன்றும் ஒரு மாறி. 2012-இல் 5.3.9 பதிப்போடு வந்தது. ஆயிரக்கணக்கில் மாறிகளை அனுப்பி சர்வரைத் திணறடிக்கும் தாக்குதல்களைத் தடுக்கத்தான் வைத்தார்கள். வரம்பைத் தாண்டினால் கோரிக்கையை நிராகரிக்காது, மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கை சர்வரின் பதிவுக் கோப்பான லாகில் கிடக்கும், திரையில் யார் கண்ணிலும் படாது. பிரௌசர் பக்கத்தில் இருக்கும் வரிசைப்படியே அனுப்புவதால் வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருப்பவர்கள். முரளிக்கு அப்புறம் ஒருவரும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நாளைக்குள் வேண்டுமென்றால் அந்த அளவை 10,000 ஆக்கிவிடுங்கள். பிஹெச்பி.ஐஎன்ஐ கோப்பிலோ அந்தக் கோப்புறைக்கான அமைப்புக் கோப்பிலோ மாற்ற வேண்டும், நிரலுக்குள் இருந்து மாற்றினால் வேலை செய்யாது, ஏனென்றால் உங்கள் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே வெட்டு விழுந்துவிடுகிறது.

ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆளைக் கொல்வது அந்த 1000 வரம்பு அல்ல, 'எல்லாவற்றையும் அழி, வந்ததை எழுது' என்ற முறைதான். வந்து சேராத ஒவ்வொரு ஐடியையும் உங்கள் சர்வர் 'இவரை நீக்கு' என்று எடுத்துக்கொள்கிறது. ஹெச்டிஎம்எல்லில் டிக் போடாத செக்பாக்ஸ் அனுப்பப்படுவதே இல்லை, அதனால் பயனர் டிக்கை எடுத்தார் என்பதற்கும், அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டது என்பதற்கும், அந்தப் பெயர் பக்கத்திலேயே இல்லை என்பதற்கும் சர்வருக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது நீங்கள் சொல்கிற மாதிரி பக்கத்துக்கு 50 என்று பிரித்துவிட்டு இதே சேமிப்பு முறையை வைத்திருந்தால், இரண்டாம் பக்கத்தில் ஒருவரைச் சேர்த்துச் சேமிக்கும்போது மற்ற பக்கங்களில் உள்ள 1,300-க்கும் மேற்பட்டவர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள். இப்போது 415 பேரோடு தப்பித்தீர்கள்.

மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். பக்கம் திறந்தபோது யார் யார் இருந்தார்கள் என்று பிரௌசருக்குத் தெரியும், பயனர் எதைத் தொட்டார் என்றும் தெரியும். சேர்த்தவர்கள் ஒரு பட்டியல், நீக்கியவர்கள் ஒரு பட்டியல், இரண்டையும் ஜேசனாக (தரவை ஒரே எழுத்துத் தொடராக எழுதும் வடிவம்) கோரிக்கையின் ஒரே உடலில் அனுப்பினால் மாறிக் கணக்கே எழாது. ஒருவரைச் சேர்த்தால் ஒரு ஐடிதான் போகும். சர்வர் பக்கம் குழு ஐடியும் ஊழியர் ஐடியும் சேர்ந்த கூட்டு முதன்மைச் சாவி (ஒரே ஜோடி இரண்டு முறை வராமல் டேட்டாபேஸே தடுக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டால், ஏற்கெனவே இருப்பவரை மறுபடி சேர்க்கச் சொன்னாலும் இரட்டை வரி வராது. இன்னொரு லாபம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே குழுவைத் திறந்து வைத்திருந்தால் உங்கள் பழைய முறையில் கடைசியாகச் சேமிப்பவர் முந்தியவரின் வேலையை முழுக்க அழித்துவிடுவார், இதில் இருவருடைய மாற்றமும் நிற்கும்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம், பிரௌசரிலிருந்து வருகிற ஐடி எதையும் அப்படியே நம்பக் கூடாது. இந்த ஆளை இந்தக் குழுவில் சேர்க்க இந்தப் பயனருக்கு உரிமை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஐடிக்கும் சர்வரில் பார்த்தாக வேண்டும்.

நள்ளிரவு_நிரலர்:

அட்டவணை, மிக்க நன்றி. மறைவான புலங்கள் சரியாக மூன்றுதான், பாதுகாப்பு டோக்கன், குழு ஐடி, கோரிக்கை வகை. லாகைத் திறந்தேன், நீங்கள் சொன்ன எச்சரிக்கை சேமித்த நிமிடத்திலேயே பதிவாகியிருக்கிறது. வரம்பை உயர்த்திவிட்டு, முந்தைய இரவின் காப்புப் பிரதியிலிருந்து 415 பேரையும் திரும்ப ஏற்றிவிட்டேன்.

இப்போது சேமிப்பு முறையை மாற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிரௌசரில் இந்தத் தேர்வை எங்கே வைத்துக்கொள்வது? ஒவ்வொரு முறையும் பக்கத்தில் டிக் உள்ள செக்பாக்ஸ்களைத் தேடி எடுப்பதா? பக்கம் வேறு திறப்பதற்கே பல விநாடி ஆகிறது, அதையும் சேர்த்துச் சரிசெய்ய நினைக்கிறேன்.

முகப்புக்காரர்:

செக்பாக்ஸிடம் போய் 'நீ டிக் ஆகியிருக்கிறாயா' என்று கேட்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செட் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) வைத்துக்கொள்ளுங்கள், அதில் தேர்ந்தெடுத்த ஐடிகள் மட்டும் இருக்கட்டும், தேர்வு என்றால் அதுதான். திரையில் தெரிகிற பட்டியல் அதைக் காட்டுகிற ஒரு ஜன்னல். வரி திரைக்கு வரும்போது செட்டில் அந்த ஐடி இருக்கிறதா என்று பார்த்து டிக்கைக் காட்டுங்கள், பயனர் தொட்டால் செட்டை மாற்றுங்கள். இப்படிப் பிரித்துவிட்டால் தேடினாலும், பக்கம் மாற்றினாலும், வரிசையை மாற்றினாலும் தேர்வுக்கு ஒன்றும் ஆகாது. டேட்டாடேபிள்ஸ் மாதிரி நூலகங்களைப் போட்டவர்கள் 'மூன்று பக்கத்தில் டிக் போட்டேன், ஒரு பக்கம்தான் போய்ச் சேர்ந்தது' என்று புலம்புவதற்கு இதே காரணம்தான். பார்வையில் இல்லாத பக்கத்தின் வரிகளை அது டாமிலிருந்து, அதாவது பிரௌசர் வைத்திருக்கும் பக்கத்தின் உறுப்புகளிலிருந்து, எடுத்துவிடும், இல்லாத செக்பாக்ஸை ஃபார்ம் எப்படி அனுப்பும்?

வேகத்தைப் பொறுத்தவரை, 6,200 என்பது தரவாகப் பார்த்தால் சின்ன எண். ஐடி, பெயர், துறை மூன்றையும் ஜேசனாக அனுப்பினால் சில நூறு கேபிதான் வரும், சுருக்கினால் இன்னும் குறையும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஒரு தடவை மொத்தமாக வாங்கிப் பிரௌசரிலேயே வடிகட்டுங்கள், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. கனமானது தரவல்ல, வரிகள்தான். ஒரு வரிக்கு ஐந்தாறு உறுப்புகள் என்றால் உங்கள் பக்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். பொருந்துபவர்களில் முதல் 100 பேரை மட்டும் வரையுங்கள், கீழே 'மேலும் காட்டு' என்று ஒரு பொத்தான் வையுங்கள், போதும். லட்சக்கணக்கில் இருந்தால் மட்டும் சர்வரில் தேடுங்கள். அப்போதும் தட்டி முடித்து ஒரு கால் விநாடி பொறுத்துக் கேளுங்கள், முந்தைய கோரிக்கையை ரத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் 'மு' என்று தேடியதன் பதில் தாமதமாக வந்து 'முத்து' என்று தேடியதன் பதிலை மூடிவிடும்.

மேலே எப்போதும் ஒரு எண்ணிக்கை தெரிய வேண்டும். '1,413 பேர் தேர்வில், அதில் 1,391 பேர் இப்போதைய தேடலுக்கு வெளியே' என்கிற மாதிரி. கூடவே 'தேர்ந்தவர்களை மட்டும் காட்டு' என்று ஒன்று. சேமிக்கும்போது 'இத்தனை பேர் சேர்க்கப்படுகிறார்கள், இத்தனை பேர் நீக்கப்படுகிறார்கள்' என்று சர்வர் தனக்கு வந்ததை எண்ணிக் காட்டியிருந்தால், அன்றைக்கு அந்தப் பயனர் அழுத்தியபோதே பிரச்சினை பிடிபட்டிருக்கும்.

அப்புறம் 'எல்லாம் தேர்ந்தெடு'. இதில்தான் பெரிய குழப்பமே. தலைப்பில் உள்ள செக்பாக்ஸை அழுத்துகிறவர் எதை நினைத்து அழுத்துகிறார்? கண்ணுக்குத் தெரியும் 100 பேரையா, தேடலுக்குப் பொருந்தும் 640 பேரையா, 6,200 பேரையுமா? ஜிமெயிலில் பார்த்திருப்பீர்கள், முதலில் அந்தப் பக்கத்தில் உள்ளவற்றைத் தேர்ந்துவிட்டு, இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தேர வேண்டுமா என்று தனியாக ஒரு வரியில் கேட்கும். அந்த வழி நல்ல வழி. எதையும் ஊகிக்காமல் எண்ணிக்கையோடு கேளுங்கள். சிலரை மட்டும் தேர்ந்திருக்கும்போது தலைப்புச் செக்பாக்ஸ் நடுக்கோடு காட்ட வேண்டும், அதை ஹெச்டிஎம்எல்லில் எழுத முடியாது, ஜாவாஸ்கிரிப்டில்தான் வைக்க முடியும்.

ஒரு துணுக்கு: ஃபயர்பாக்ஸ் பக்கத்தைப் புதுப்பித்தாலும் பழைய டிக்குகளை நினைவில் வைத்துத் திரும்பப் போட்டுவிடும், உங்கள் செட் ஒன்று சொல்லும், திரை ஒன்று சொல்லும். ஃபார்மில் ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்துவிடுங்கள்.

செவிவழி:

நான் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளோடு, வேலை செய்பவன், அதனால் இந்தப் பேச்சில் ஒன்று சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருந்த ஒரு செயலியில் இதே மாதிரி நீண்ட பட்டியலை, உருட்ட உருட்ட வரிகள் தோன்றி மறையும்படி செய்திருந்தார்கள். பார்க்க வேகமாக இருந்திருக்கும். எனக்கு அது 'பட்டியல், 20 உருப்படிகள்' என்றுதான் சொன்னது. உள்ளே சில ஆயிரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை, 20-ஐயும் பார்த்துவிட்டு நான் தேடும் பெயர் இல்லை என்று முடிவுசெய்து, இல்லாத ஆளைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன். அப்படித்தான் செய்ய வேண்டுமென்றால் மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்பதை ஏரியா-செட்சைஸ், ஏரியா-பாஸ்இன்செட் என்ற ஹெச்டிஎம்எல் பண்புகள் மூலம் சொல்ல வேண்டும். முகப்புக்காரர் சொன்ன 'முதல் 100, மேலும் காட்டு' எனக்கு இதைவிட நூறு மடங்கு மேல், அதில் எதுவும் என் கையை விட்டு நழுவாது.

தேடியதும் '37 பேர் கிடைத்தனர்' என்கிற வரியை ஸ்டேட்டஸ் ரோல் (மாறினால் படித்துச் சொல் என்று திரைவாசிப்பானுக்குக் காட்டும் குறிப்பு) உள்ள இடத்தில் எழுதுங்கள், நான் பெட்டியை விட்டு நகராமலேயே காதில் விழும். செக்பாக்ஸ் உண்மையான செக்பாக்ஸாக இருக்கட்டும், டிவ் என்ற வெறும் பெட்டியில் படம் வரைந்து செய்தால் ஸ்பேஸ் விசை வேலை செய்யாது. பெயரை லேபிளாகக் கட்டிவிடுங்கள், பார்க்கிறவர்களுக்கும் பெயரைத் தொட்டாலே டிக் விழும். சொடுக்கும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வலை அணுகல் வழிகாட்டி சொல்கிறது, கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எழுத்துப்பிழை:

பெயர்கள் தமிழில் இருந்தால் தேடலில் ஒரு கண்ணி இருக்கிறது. 'கோமதி'யில் உள்ள 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், இல்லையென்றால் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒப்பிட்டால் பொருந்தாது, கோமதி கண்முன்னே இருந்தும் தேடல் 'இல்லை' என்று சொல்லும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரு அழைப்புதான்.

வரிசையும் அப்படித்தான். யூனிகோட் எண்படி அடுக்கினால் ன என்பது ந-வுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும், அதனால் கனகா முதலில், கமலா அடுத்து. நம் அகர வரிசையில் ன கடைசி எழுத்து, கமலாதான் முதலில் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டில் கொலேட்டரைத் தமிழுக்கு வைத்து அடுக்குங்கள், சரியாக வரும். 6,200 பேரில் கண்ணால் தேடுகிறவருக்கு வரிசைதான் ஒரே வழிகாட்டி.

பழைய_கை:

எல்லாரும் நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. அந்த 1,412 பேரை யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்? 6,200 செக்பாக்ஸைப் பார்த்து யோசித்து யோசித்து ஒருவர் 1,412 டிக் போட மாட்டார். ஏற்கெனவே ஒரு பட்டியல் அவர் கையில் இருக்கும். எங்கிருந்தோ வந்த எக்செல், இல்லை யாரோ அனுப்பிய மின்னஞ்சல்.

இதே வகைப் பக்கம் ஒன்றை நான் மாதக்கணக்கில் மெருகேற்றியிருக்கிறேன், வடிகட்டி, ஷிஃப்ட் அழுத்தி வரம்பாகத் தேர்வு, எல்லாம் வைத்து. ஒரு நாள் அதைப் பயன்படுத்தும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் எக்செல், வலது பக்கம் என் செயலி. ஒரு ஊழியர் எண்ணை நகலெடுப்பார், என் தேடல் பெட்டியில் ஒட்டுவார், டிக் போடுவார், பெட்டியை அழிப்பார், எக்செல்லில் அந்த வரிக்கு மஞ்சள் பூசுவார், அடுத்தது. முந்நூறு தடவை. இடையில் தொலைபேசி வந்தால் எந்த வரியில் இருந்தோம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் மஞ்சள். எனக்கு மனது கஷ்டமாகப் போய்விட்டது. அன்று மாலையே ஒரு பெரிய எழுத்துப் பெட்டி வைத்துக் கொடுத்தேன், எண்களை வரிக்கு ஒன்றாக மொத்தமாக ஒட்டலாம்.

அந்தப் பெட்டியைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது, பொருந்தாதவற்றை விழுங்கிவிடக் கூடாது. 'இத்தனை பொருந்தின, இத்தனை ஏற்கெனவே குழுவில் உள்ளன, இவை எங்கும் கிடைக்கவில்லை' என்று பிரித்துக் காட்ட வேண்டும், கிடைக்காதவற்றை அப்படியே நகலெடுக்கவும் முடிய வேண்டும். எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், 00417 என்பது 417 ஆகி வரும், அதையும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் இடைவெளிகளை வெட்டுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். அந்த 1,412 பேரும் ஒரு விதிக்குள் அடங்குகிறார்களா, உதாரணமாக 'இந்த இரண்டு துறையில் உள்ள எல்லாரும்'? அப்படியென்றால் நாளைக்குப் புதிதாகச் சேர்பவர் தானாகவே குழுவுக்குள் வர வேண்டுமா? வர வேண்டும் என்று சொன்னால் நீங்கள் சேமிக்க வேண்டியது ஆட்களை அல்ல, விதியை. வேண்டாம், அன்றைக்கு இருந்தவர்கள் மட்டும் போதும் என்றால் ஆட்களை. இதை நாம் முடிவு செய்யக் கூடாது, அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நள்ளிரவு_நிரலர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பழைய_கை சொன்னதைப் படித்துவிட்டு மறுநாள் காலையே குழுக்களைப் பராமரிப்பவரிடம் போய், ஒரு குழு எப்படி உருவாகிறது என்று காட்டச் சொன்னேன். எக்செல் ஒரு பக்கம், என் பக்கம் ஒரு பக்கம். மஞ்சள் இல்லை, அவர் பேனாவால் அச்சடித்த தாளில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதமாக அவர் பக்கத்து அறையில் இதைச் செய்துகொண்டிருக்கிறார், நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

இப்போது ஒட்டும் பெட்டிதான் பக்கத்தின் மேலே முதலில் வருகிறது, அதற்குக் கீழே தேடலும் முதல் 100 வரிகளும். சேர்ப்பு, நீக்கம் இரண்டு மட்டுமே சர்வருக்குப் போகின்றன. சேமிக்கும் முன் எண்ணிக்கையும், நீக்கப்படுபவர்களின் பெயர்களும் காட்டப்படுகின்றன, 20 பேருக்கு மேல் நீக்கம் என்றால் இன்னொரு தடவை கேட்கும். பக்கம் உடனே திறக்கிறது. செவிவழி சொன்ன நிலை வரியையும் வைத்தேன், திரைவாசிப்பானை ஓடவிட்டுக் கேட்டபோது ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணிக்கை சொல்லி அலறியது, அதனால் தட்டி முடித்து அரை விநாடி கழித்து மட்டும் மாறும்படி வைத்திருக்கிறேன். சரிதானா என்று செவிவழி சொல்ல வேண்டும்.

விதியைப் பற்றிக் கேட்டதற்கு, இரண்டுமே வேண்டும் என்றார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்குப் புதியவர்கள் தானாக வர வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். விதிக் குழுவில் ஒருவரை மட்டும் விலக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அட்டவணை:

விலக்குக்குத் தனி அட்டவணை வையுங்கள், விதியைத் தொடாதீர்கள். விதிக்குப் பொருந்துபவர்கள், கையால் சேர்த்தவர்கள் இருவரையும் கூட்டி, விலக்கியவர்களைக் கழித்தால் குழு. யார் விலக்கினார், எப்போது, ஏன் என்று மூன்று பத்தியும் அதிலேயே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து 'இவர் ஏன் இந்தக் குழுவில் இல்லை' என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

செவிவழி:

அரை விநாடி சரியாக இருக்கும். தட்டிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருந்தாலே போதும்.